விருந்தாக வந்த இரு கருவிகள்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே, மெரியன் றோ என்னும் வீதியில், ஓடொனகூஸ் என்று பெயர் தாங்கிய மதுச்சாலை ஒன்று உளது. ஞாயிற்றுக்கிழமை காலையிற் குடும்பத்தார் யாவரும் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியிலே மதுச்சாலையைப் பற்றிய பேச்சு எதற்கென்று நேயர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. நாம் மனத்தளவில் அங்கே செல்வது கிண்ணத்தின் பொருட்டன்று, இசையின் பொருட்டேயாம்.

அந்நாட்டின் மரபிசைக் கூட்டத்தைச் ‘செஷன்’ என வழங்குவர். அங்கே மேடை இல்லை, திரை இல்லை, ஒலிபெருக்கியும் பெரும்பாலும் இல்லை. மூலையொன்றில் நாற்காலிகளை வட்டமாக இட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கியவாறு இசைஞர் அமர்வர். சுரக்குறிப்பு எழுதிய ஏட்டினைப் பார்த்து வாசிப்பது அங்கு வழக்கமன்று. ஒருவர் ஓர் உருப்படியைத் தொடங்குவார். அதனை அறிந்தோர் உடன் தொடர்வர். அறியாதோர் கருவியை மடிமீது கிடத்திக் கேட்டிருப்பர். ஓர் உருப்படியை இருமுறையோ மும்முறையோ வாசித்தபின், இடைவெளியின்றி மற்றொன்றுக்குச் செல்வர். வயலின், மரப் புல்லாங்குழல், தகரக்குழல், கைத்துருத்தி வாத்தியங்கள், முழங்கையாற் காற்றூட்டி வாசிக்கும் பைக்குழல் ஆகியன அவ்வட்டத்தில் ஒலிப்பன. இவற்றினிடையே, தந்தியை மீட்டி ஒலிப்பிக்கும் இரு கருவிகளையும் காணலாம். ஒன்று மண்டலின், மற்றொன்று ரெனர் பாஞ்சோ.

இவ்விரண்டும் அந்த மண்ணிலே பிறந்தவை அல்ல. ஒன்று இத்தாலியிலே பிறந்தது. மற்றொன்றின் வேர் ஆபிரிக்காவில் உளது. தம் மரபைக் கண்மணிபோற் காக்கும் ஒரு மக்களின் இசைவட்டத்தினுள்ளே இவை எவ்வாறு புகுந்தன? புகுவதற்கு யாது விலை கொடுத்தன? இவ்வினாவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் ஐரிஷ் இசையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். மேனாட்டுச் சங்கீதம் என்றவுடன், பற்பல சுரங்கள் ஒருங்கே எழும் பெருங்குழு இசையே நம் நினைவுக்கு வரும். ஐரிஷ் மரபிசை அத்தகையதன்று. நம் இசையைப் போலவே அதுவும் ஒற்றைச் சுரவரிசையை உயிராகக் கொண்டது. பத்துப் பேர் கூடியிருப்பினும், அப்பத்துப் பேரும் ஒரே சுரவரிசையையே வாசிப்பர். அதனை அழகு செய்யும் வகையிலேதான் ஒருவருக்கொருவர் வேறுபடுவர். நம்மவர் கமகத்தைப் போற்றுதல் போல, அவர்களும் சுரத்தைச் சுழற்றியும் வெட்டியும் அணிசெய்யும் முறைகளைப் போற்றுவர். உருப்படிகளிற் பெரும்பாலன ஆட்டத்துக்கென்றே பிறந்தவை. ‘றீல்’ என்பது நந்நான்காக எண்ணும் சதுஸ்ர நடை. ‘ஜிக்’ என்பது மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. உருப்படிக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள்; பகுதிக்கு 8 அளவைகள்; ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்பட, ஒரு சுற்று 32 அளவைகளில் நிறைவெய்தும். அமைப்பு எளியது, ஆயினும் அவ்வெளிய அச்சிலே வார்க்கப்பட்ட உருப்படிகள் ஆயிரக்கணக்கானவை. கோர்க் மாவட்டத்திற் பிறந்து, அமெரிக்கா சென்று, சிக்காகோ நகரின் பொலிஸ் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓநீல் என்பார் 1903 ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பொன்றில் மட்டும் 1850 உருப்படிகள் அடங்கியுள்ளன.

இனி மண்டலினை நோக்குவோம். பிளந்த பேரிக்காய் போன்ற முதுகுடன் நேப்பிள்ஸ் நகரிலே உருப்பெற்ற சிறு கருவி அது. நான்கு இரட்டைகளாக 8 தந்திகளை உடையது. 19 ஆம் நூற்றாண்டில், அந்நகரத்து வினாச்சியா குடும்பத்தார் அதற்கு உருக்குத் தந்தி பூட்டி ஒலிக்கு வலுவூட்டினர். அந்நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மண்டலின் மோகம் பெருகியது. அமெரிக்கரான ஓவில் கிப்சன், வயலின் செய்வாரைப் போல மரத்தைச் செதுக்கி, குடம்போன்ற முதுகை நீக்கிப் புதிய வடிவஞ் சமைத்து, 1898 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐரிஷ் இசைஞர் இன்று பெரிதும் விரும்புவது, இவ்வாறு குடமுதுகு நீங்கிய மண்டலினையே.

மண்டலினுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. அதன் தந்திகள் வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ என்று சுருதி கூட்டப்படுவன. ஆகவே வயலினிற் பழகிய விரல் மண்டலினில் வழி தவறாது. ஐரிஷ் உருப்படிகளிற் பெரும்பகுதி வயலின் விரலுக்கு இசைந்தவை ஆதலின், அவையாவும் மண்டலின் விரலுக்கும் இயல்பாகவே வந்து அமையும். ஆயின் ஒரு பெருங்குறையும் உண்டு. வில் இழுக்குந்துணையும் வயலினின் சுரம் நீண்டு நிற்கும். மீட்டிய தந்தியின் சுரமோ பிறந்தவுடன் தேயத் தொடங்கும். இக்குறையை மறைக்கவே இத்தாலியர் ஒரே சுரத்தை மிக விரைந்து இடைவிடாது மீட்டி நடுங்கச் செய்யும் உத்தியைக் கண்டனர். மண்டலின் என்றதும் மேனாட்டார் செவியில் எழுவது அந்த நடுக்க ஒலியே. அதுவே அக்கருவியின் கிரீடம் எனலாம்.

ஐரிஷ் ஆட்ட இசையுட் புகுந்த மண்டலின், அக்கிரீடத்தைக் கழற்றி வாயிலிலே வைத்துவிட்டுத்தான் உட்சென்றது. ஆடுவோர் காலுக்குத் தாளத்தின் தெளிவு வேண்டும். நீண்டு நடுங்கும் ஒலி அத்தெளிவைக் குலைக்கும். ஆதலின் அங்குள்ள மண்டலின் இசைஞர் நடுக்க ஒலியை அருமையாகவே கையாள்வர். அவ்வாறு பெருமையை விட்டுக்கொடுத்த பின்னரும் அதற்குக் கிடைத்த இடம் சிறியதே. துருத்தியும் பைக்குழலும் முழங்கும் வட்டத்தில், மண்டலினின் மெல்லிய குரல் வாசிப்பவர்க்கும் அருகிருப்பவர்க்குமே கேட்கும். 1966 இல் தோன்றிய ‘ஸ்வீனிஸ் மென்’ குழுவிலும், 1972 இல் உருவான ‘பிளாங்ஸ்ரி’ குழுவிலும் அண்டி இர்வைன் என்பார் பாடல்களினூடே அதனை இழைத்து வாசித்தபோதுதான், அதன் மென்மையே ஓர் அழகாகக் கேட்போர்க்குப் புலப்படலாயிற்று.

பாஞ்சோவின் கதை வேறு. அது துயரத்திலே பிறந்த கருவி. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள், சுரைக்குடுக்கையின்மேல் தோலைப் போர்த்துத் தந்தி பூட்டும் தம் முன்னோரின் கலையை நினைவிலே சுமந்து சென்றனர். கரிபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் அந்நினைவினின்றும் பிறந்ததே பாஞ்சோ. பின்னர் வெள்ளையர் சிலர் அதனைக் கறுப்பின மக்களிடமிருந்தே கற்று, தம் முகத்திற் கரிபூசி அம்மக்களையே எள்ளிநகையாடும் கூத்துக்களில் அதனை வாசித்துப் பொருளீட்டினர். இது அக்கருவியின் வரலாற்றிற் படிந்த மாசு, மறைத்தற்குரியதன்று. அத்தகைய கூத்தர்களுள் ஒருவர் வெர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் வோக்கர் ஸ்வீனி. அவர் 1840களிற் கடல் கடந்து பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வாசித்தார். பாஞ்சோவை அயர்லாந்துக்கு அறிமுகஞ் செய்தவர் என அவரையே பொதுவாகக் குறிப்பிடுவர்.

அதே 1840களின் நடுவிலேதான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் நேர்ந்தது. ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் தாய்நாட்டை விட்டகன்றனர். பாஞ்சோ கிழக்கு நோக்கி வந்த அதே கடலிலே, பசித்த மக்கள் மேற்கு நோக்கிச் சென்றனர். ஊரிழந்த மக்களின் கருவியும், ஊரிழக்கும் மக்களும் நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்தமை சிந்தித்தற்குரிய செய்தியன்றோ?

அம்மக்களின் மக்கள் அமெரிக்க நகரங்களிலே பாஞ்சோவை மீண்டுஞ் சந்தித்தனர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கருவியும் உருமாறியிருந்தது. குட்டையான ஐந்தாந் தந்தி நீங்கியது; உருக்குத் தந்திகள் நான்கு நின்றன; விரல் நுனிகளுக்குப் பதிலாகச் சிறு மீட்டுத்தகடு கொண்டு மீட்டும் வழக்கம் வந்தது. இதுவே ரெனர் பாஞ்சோ. சி, ஜி, டி, ஏ என்று சுருதி கூட்டி, ஆட்டக் கூடங்களில் சுரக்கூட்டுகளை ஓங்கி அடித்துத் தாளத்தைத் தாங்குவதே அதற்கு இட்ட பணி. ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், நூறு கால்கள் தரையை மிதிக்கும் ஓசையையும் மீறிக் கேட்கும் வன்மை அதற்கிருந்தது.

1916 ஆம் ஆண்டில், நியூயோர்க்கிற் கடை நடத்திய எலன் ஓபேர்ண் டி விற் என்னும் ஐரிஷ் மாது, தம் மக்களின் இசையைத் தட்டிற் பதிக்குமாறு கொலம்பியா நிறுவனத்தாரை வேண்டினார். 500 தட்டுகளைத் தாமே வாங்கிக்கொள்வதாக உறுதியளித்த பின்னரே அவர்கள் இசைந்தனர். அத்தட்டில் ஒலித்த கருவிகள் இரண்டு: ஹெர்போர்ன் வாசித்த துருத்தி, வீலர் வாசித்த பாஞ்சோ. தட்டுகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. 1920களில் வாட்டர்போர்ட்டைப் பிறப்பிடமாகக் கொண்ட பிளனகன் சகோதரருள் ஒருவரான மைக் பிளனகன், பாஞ்சோவிற் சுரக்கூட்டு அடிப்பதோடு நில்லாது, ஆட்ட உருப்படிகளையும் துள்ளத் துள்ள வாசித்துப் பல தட்டுகளிற் பதித்தார்.

ஆயினும் பாஞ்சோ தன் சுருதியை மாற்றிக்கொண்ட பின்னரே வயலினுக்கு உறவாயிற்று. 1939 இல் டப்ளினிற் பிறந்த பார்னி மக்கென்னா என்பார், நாம் தொடக்கத்திற் கூறிய அதே ஓடொனகூஸ் மதுச்சாலையில் நண்பரோடு வாசித்து வந்தவர். அக்கூட்டமே 1962 இல் ‘டப்ளினர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற குழுவாயிற்று. அவர் ரெனர் பாஞ்சோவை ஜி, டி, ஏ, ஈ என்று, வயலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே சுருதி கூட்டி வாசித்தார். அம்முறையை நாடெங்கும் பரவச் செய்தவர் அவரே என்பதனைப் பாஞ்சோ இசைஞர் யாவரும் நன்றியோடு ஒப்புவர். அவர் 2012 ஆம் ஆண்டு காலமானார்.

இம்மாற்றம் சிறிதென எண்ணற்க. தந்தியைத் தாழ்த்தினால் அது தளரும். ஆதலின் தடித்த தந்தி பூட்டவேண்டும். முன்பு கற்ற சுரக்கூட்டுகளின் விரலமைப்பு யாவும் இடம் மாறும். சுருங்கக் கூறின், பாஞ்சோ தன் பழைய தொழிலை மறந்து, வயலினின் மொழியை அகரத்திலிருந்து கற்றது. மண்டலின் நடுக்க ஒலியை விட்டது. பாஞ்சோ சுருதியையே விட்டது. இதுவே அவை கொடுத்த விலை.

பயிற்சியின் நுட்பம் ஒன்றிரண்டையும் கூறுதல் தகும். மண்டலினின் தந்தி நீளம் ஏறக்குறைய 14 அங்குலம். ரெனர் பாஞ்சோவின் தந்தி நீளமோ 20 முதல் 23 அங்குலம் வரை. வீணையிற் போலவே இதன் கழுத்திலும் மெட்டுகள் உள. 17 மெட்டுடையதும் 19 மெட்டுடையதும் என இருவகை வழக்கிலுண்டு. ஈ தந்தியின் 7 ஆம் மெட்டில் பி என்னும் சுரம் உளது. ஐரிஷ் உருப்படிகள் அச்சுரத்தை அடிக்கடி நாடுவன. மண்டலினில் அதனை எளிதில் எட்டும் சுண்டுவிரல், நீண்ட கழுத்துப் பாஞ்சோவில் எட்டிப்பிடிக்க வருந்தும். அவ்விரலுக்கு வலுவூட்டுவதிலேயே மாணாக்கரின் நாட்கள் பல கழியும்.

வலக்கையின் செய்தி இதனினும் நுண்ணியது. றீலுக்குக் கீழ்மீட்டும் மேல்மீட்டும் மாறிமாறி வரும். ஜிக்குக்கோ ‘கீழ், மேல், கீழ்’ எனப் பலர் மீட்டுவர். ஒவ்வொரு மூன்றின் முதலெழுத்தும் கீழ்மீட்டாகி அழுத்தம் பெறுதற்கு அதுவே வழி என்பர். மாறிமாறி மீட்டினாலே போதும் என்பாரும் உளர். இருசாராரும் இன்றுவரை வாதிடுகின்றனர். இனி, வயலினிலும் குழலிலும் ஒரு சுரத்தை அண்டைச் சுரங்களாற் சுற்றி வளைக்கும் அணியொன்று உண்டு. நீண்டு நில்லாத சுரத்தையுடைய பாஞ்சோவில் அது பொலியாது. அதற்கு ஈடாக, ஒரே சுரத்தைக் கண்ணிமைப்பொழுதில் மும்முறை மீட்டும் அணியைப் பாஞ்சோ இசைஞர் வளர்த்தனர். மெல்லிய மீட்டுத்தகட்டை இறுகப் பற்றாது, மணிக்கட்டைத் தளரவிட்டு மீட்டினாலன்றி அது கைவராது. இறுக்கிப் பிடித்த கைக்கு அகப்படாதது, தளரவிட்ட கைக்கு அகப்படுகின்றது. விருந்தாக வந்த கருவி, உண்டு செல்லாது, வீட்டாருக்கு ஒரு புதிய அணிகலனையும் அளித்தது என்று இதனை நாம் கொள்ளலாம்.

‘இவை அயற்கருவிகள், மரபுக்கு ஆகா’ என்று கூறுவோர் எக்காலத்தும் உளர். அவர்தம் அச்சத்தை நாம் இகழ்தல் கூடாது. பாஞ்சோவின் ஓங்கிய குரல் ஒரு செஷனையே பாழ்செய்ய வல்லது. உருப்படியை அறியாத ஒருவர் அதனை அடிக்கத் தொடங்கின், பைக்குழலின் நுண்ணிய அணிகள் யாவும் மூழ்கிப்போம். இதனாலேயே, கற்றோர் புதியவருக்குக் கூறும் முதல் அறிவுரை ‘கேள்’ என்பதாகும். அறிந்ததை மட்டும் வாசி. அறியாததற்குக் கைகட்டி இரு. அருகிலிருப்பவரின் குழல் உன் செவிக்குக் கேட்கவில்லையாயின் நீ மிகுதியாக ஒலிக்கின்றாய் என்று அறிக. வன்மை உடையார்க்கே அடக்கம் மிகுதியும் வேண்டும் என்னும் அறத்தைப் பாஞ்சோவினும் நன்கு போதிக்கும் கருவி பிறிதொன்றிருத்தல் அரிது.

ஆயின் அயல் என்று தள்ளுவதாயின், அவ்வட்டத்தில் எஞ்சுவது யாது? வயலின் இத்தாலியிற் செம்மையுற்றது. துருத்தி வாத்தியங்கள் 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிற நாடுகளிற் பிறந்தவை. அயர்லாந்துக்கே உரிய பழங்கருவி எதுவெனின், அது யாழே. அந்நாட்டின் நாணயத்தில் பொறிக்கப்படுவதும் அதுவே. ஆனால் 1792 இல் பெல்பாஸ்ற் நகரிலே யாழிசைஞரைக் கூட்டியபோது, வந்த ஐரிஷ் கலைஞர் 10 பேர் மட்டுமே; அவருட் பலர் முதியோர்; பார்வையற்றோரும் பலர். அவர் வாசித்ததை எட்வேட் பண்டிங் என்னும் இளைஞர் எழுதிக்கொண்டமையால் உருப்படிகள் சில பிழைத்தன. உலோகத் தந்தி யாழின் தொன்மரபோ அடுத்த நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. பிற்காலத்தார் யாழுக்குப் புத்துயிர் அளித்தனர் என்பது உண்மையே. எனினும் இடைக்காலத்தில் அது சின்னமாக நின்றதேயன்றி ஒலியாக நின்றிலது. யாழின் பெயரை ஊருக்கு இட்டு வழங்கும் நமக்கு இது புதிய செய்தியன்று. நம் முன்னோர் வாசித்த யாழை அறிதற்கு, விபுலாநந்த அடிகள் ஆண்டு பல ஆராய்ந்து 1947 இல் ‘யாழ் நூல்’ தர வேண்டியதாயிற்றன்றோ?

அயர்லாந்தில் மரபிசையைப் பேணுதற்கென 1951 ஆம் ஆண்டு ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே முலிங்கர் என்னும் ஊரில் முதற் பெருவிழாவும் நடந்தது. அவ்விழாவின் போட்டிகளிலே இன்று பாஞ்சோவுக்கும் மண்டலினுக்கும் தனித்தனியே இடம் உண்டு. லிமெரிக்கிற் பிறந்து, இவ்விரு கருவிகளையும் வாசித்து, அமெரிக்காவிற் பேராசிரியராகவும் விளங்கி, 2022 இல் மறைந்த மிக் மொலோனி, புலம்பெயர்ந்த ஐரிஷ் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த அறிஞர். மரபைக் காக்கும் பணியிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட அவர் கையில் இருந்ததும் அயலிலிருந்து வந்த தந்திகளே.

இவ்வளவும் எழுதுங்கால், நம் நெஞ்சை ஒரு பழைய நினைவு உறுத்துகின்றது. ஆசிரியப் பணியில் நாம் புகுந்த புதிதில், வாணி விழாவுக்கு மாணவர்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. மாணவன் ஒருவன் பழைய மண்டலினொன்றைத் துணியிற் சுற்றிக் கொணர்ந்து, கீர்த்தனையொன்று வாசிக்க அனுமதி வேண்டினான். ‘இது மேனாட்டு வாத்தியம், சரசுவதி சந்நிதியில் ஆகாது’ என்றோம். அவன் மறுமொழி கூறாது துணியை மீண்டுஞ் சுற்றிக்கொண்டு சென்றான். அன்று மாலை அதே சந்நிதியில் வயலின் வாசிக்கப்பட்டது. நாமும் தலையசைத்துக் கேட்டிருந்தோம். உப்பலப்பு ஸ்ரீனிவாஸ் என்னும் மேதை, மண்டலினின் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்து தந்தி பூட்டி, மின்னொலியால் சுரத்தை நீளச் செய்து, கமகத்தை அதனுள் வரவழைத்து உலகறியப் புகழ் பெற்றிருந்த காலம் அது. அறியாமை என்று கூறித் தப்புதற்கும் நமக்கு வழியில்லை.

நாம் செய்த பிழை, புதிய கருவியை ஐயுற்றமை அன்று. ஐயுறுதல் காவலன் கடமை. வாசிக்கக் கேளாமலே தீர்ப்பளித்தமையே பிழை. அக்கருவி எங்கே பிறந்தது என்று வினவினோம். நம் இசைக்கு முன் அது எவ்வளவு வணங்கி வந்துள்ளது என்று செவிசாய்த்து அறிந்தோமில்லை. அயர்லாந்தின் இசைஞர் பாஞ்சோவை அவ்வாறு வாயிலிலே நிறுத்தி அனுப்பியிருப்பின், பார்னி மக்கென்னாவின் இசையை அந்நாடு இழந்திருக்கும். அம்மாணவனுடைய இசையை நாம் இழந்தோம். அவன் யாது இழந்தான் என்பதனை நாம் அறியோம்.

இனியொரு வாணி விழாவுக்கு எவரேனும் நாம் அறியாத கருவியொன்றைத் துணியிற் சுற்றிக் கொணர்வாராயின், ‘இஃது எந்நாட்டது?’ என்று முதலிற் கேளோம். ‘அவிழ்த்து வாசி, தம்பி, கேட்போம்’ என்றே கூறுவோம்.